இரண்டு குழியிலும் ஞானமுத்து

1931 ஆடியில், தேங்காய் விலை விழுந்த அதே வாரத்தில், எழுபது வருஷத்துக்கு முன்பு செத்துப்போன ஞானமுத்து இரண்டு இடத்தில் கிடைத்தார். இரண்டிலும் முழுசாக, வலது கையில் ஆறாவது விரலோடு இருந்தார். கருங்கல் சந்தைக்கு மேற்கே எங்கள் ஊரில் அன்று தேங்காய் விலையைப் பற்றித்தான் கூடுதல் பேச்சு.

தேடியவர் அவருடைய கொள்ளுப்பேரன் இஸ்ரவேல், சபைக் கணக்கர். செத்தவர்கள்கூட என் ஏட்டில் பதிந்துவிட்டுத்தான் மோட்சம் போகிறார்கள் என்பது அவருடைய அந்தரங்க எண்ணம். அப்படிப்பட்டவரிடம், படுக்கையில் விழுந்த அப்பா ரத்தினம் ஒரே ஒரு காரியம் கேட்டார். "எலே, என்னெ எனக்க பாட்டாக்க பக்கத்துல போடணும். அவரு எங்க கெடக்காருன்னு பாரு." தாயில்லாப் பிள்ளையாக இருந்த ரத்தினத்தைச் சோறூட்டி வளர்த்தவர் தாத்தா ஞானமுத்து. அப்பாவின் கண்ணில் தண்ணீரைக் கண்ட இஸ்ரவேல், "நாளைக்கே சொல்லுகேன்" என்றார். மாதங்கள் போயின.

அடக்க ஏட்டில் பெயர் இருந்தது: வருக்கைப் பிலாவுக்குக் கிழக்கே நாலாவது குழி. கல்லறைத் தோட்டத்தில் பலாமரமே இல்லை. இஸ்ரவேல் பழைய கமிட்டிக் குறிப்புகளைத் தும்மித் தும்மிப் புரட்டியதில், மரத்தை வெட்டி ஆலயத்துக்குப் பெஞ்சு செய்தது தெரிந்தது. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான் அவர் வாசித்துக்கொண்டிருந்தார். பட்டுப்போன வேரைத் தேடிப் பிடித்து, கிழக்கே நாலாவது குழியைத் தோண்டினால், ஞானமுத்து மேற்கே தலைவைத்து நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தார். இஸ்ரவேல் விரலை எண்ணிப் பார்த்துவிட்டு, மீசையை முறுக்கிக்கொண்டு புறப்பட்டார்.

வழியில் பங்காளி சுயம்புலிங்கம் மறித்தார். ஞானமுத்துவின் மூத்த மகன் சபையில் சேர்ந்தான், இளையவன் நிழல்தாங்கலில் கும்பிடும் அய்யா வழிக்குப் போனான். அப்பனை யார் அடக்குவது என்று அண்ணனும் தம்பியும் சண்டை போட்டு, இருவருமே ஜெயித்ததாக இரண்டு வீட்டிலும் பேச்சு. சுயம்புலிங்கம் இளையவனின் கொள்ளுப்பேரன். "அண்ணே, நம்ம பாட்டா எங்க தோப்புல வடக்கப் பாத்து இருக்காரு. நிழல்தாங்கல் ஓலையில எழுதியிருக்கு" என்றார். ஓலையை நம்புகிறவர்களைப் பார்த்தால் இஸ்ரவேலுக்குச் சிரிப்பு வரும். சிரித்துக்கொண்டே போய்த் தோண்டினார். அங்கே ஞானமுத்து சம்மணம் போட்டு, நெற்றியெலும்பில் நாமம் அழியாமல் உட்கார்ந்திருந்தார். ஆறு விரல்.

கிழவர் நம்மை முந்திக்கொண்டு குறுக்கு வழியில் ஓடி வந்துவிட்டார் என்று இஸ்ரவேல் சந்தேகப்பட்டார். ஏடு எழுதுகிறவனுக்கு வேறு எப்படிப் புத்தி போகும்? தோப்பிலிருந்து கல்லறைத் தோட்டம் வரை, கூப்பிடு தூரத்துக்கு ஒருவராக ஆள் நிறுத்தினார். "இருக்காரா?" என்று இங்கே கேட்டால், "இருக்காரு!" என்று வாய் மாறி வாய் மாறிப் பதில் வந்தது. இங்கேயும் இருந்தார். சபைக் கமிட்டி கூடி, செத்த ஆளிடம் விளக்கம் கேட்க விதி இல்லை என்று கலைந்தது.

இஸ்ரவேல் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அப்பாவின் கட்டிலருகே வந்தார்.

"கண்டியா?"

"கண்டேன். ரெண்டு எடத்துலயும் இருக்காரு. உங்கள எங்க போடன்னு தெரியல்ல."

ரத்தினம் பொக்கை வாயால் சிரித்தார். "ரெண்டு மக்களுக்கும் மனசு நோவாம போயிருக்காரு. உனக்குத் தோதான எடத்துல போடு மக்கா."

ஐப்பசி மழையில் ரத்தினம் போனார். கல்லறைத் தோட்டத்தில் ஞானமுத்துவின் பக்கத்துக் குழியில், மேற்கே தலைவைத்து, கீர்த்தனை பாடி அடக்கம் செய்தார்கள். சரியான இடம்தானா என்று இஸ்ரவேலுக்கு உறக்கம் பிடிக்கவில்லை. அந்த வாரக் கடைசியில் சுயம்புலிங்கம் ஒரு குலை இளநீரோடு வந்தார்.

"அண்ணே, மழையில தோப்பு மேடு சரிஞ்சுபோச்சு. நேராக்கப் போனோம். ரத்தினம் பெரியப்பாவும் அங்க வந்தாச்சு. பாட்டாக்க மடியில இருக்காரு."

இஸ்ரவேல் வாய்விட்டு அழுதார். பிறகு இளநீர் குடித்தார். கல்லறைத் தோட்டத்தைத் தோண்டிச் சரிபார்க்கப் போகவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தோப்புக்கும் நடந்து போய்வர ஆரம்பித்தார். வழியில் நிழல் கிடையாது என்பதால் குளச்சலில் ஒரு குடை வாங்கிக்கொண்டார்.