மூச்சுப் பட்டால் அடங்கும் பெட்டி

யசோதோன் ஊர்ச் சந்தைக்குப் பின்னால் இருக்கிற என் ரிப்பேர் கடைக்கு வாத்தியக்காரர்கள் வந்தால் முதலில் சண்டை வரும், அப்புறம்தான் பெட்டி வரும். அன்றும் அப்படித்தான். தூறல் விழுந்துகொண்டிருந்த காலை. ஒரு வீட்டுப் பையன் புத்த பிக்குவாகத் துறவு ஏற்கப் போகும் ஊர்வலத்தில் வாசிக்கப் போகிற வழியில், குழுத் தலைவர் சவேங் ஸ்பீக்கர் வண்டியை என் வாசலில் நிறுத்தினார். அவருக்குப் பின்னால் புன்தான் மாமா, ஃபின் என்கிற மூன்று தந்தி வாத்தியத்தை நெஞ்சோடு அணைத்தபடி.

"கேசோன், இந்த ஆம்ப்ளிஃபயரைப் பாரு. பெட்டி சரியா இருக்குன்னு நீயே இவர்கிட்ட சொல்லிரு" என்றார் சவேங். "காலையில வாசிச்சா சத்தம் தொண்டை அடைச்ச மாதிரி வருது. மத்தியானம் என் மச்சான் அதே பெட்டியில வாசிச்சான், கணீர்னு இருந்துச்சு. அப்ப கோளாறு எங்க? கையில! வேற ஆளுக்குச் சொல்லி வச்சிட்டேன்."

"காலையிலயே போட்டுட்டு வர்றேன்னு ஊரெல்லாம் பேசுறாங்க. நான் குடியை விட்டு எத்தனை வருஷமாச்சு!" என்றார் மாமா. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பெட்டி நல்லா இருந்தா சொல்லிரு, மகளே. நான் வண்டியை விட்டு இறங்கிடுறேன்."

எனக்குச் சுருக்கென்றது. இந்த மனுஷன் வாசிப்புக்குச் சேற்றில் செருப்பைத் தொலைத்து ஆடியவள் நான்.

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க" என்று பெட்டியைத் திறந்தேன்.

மாமா தந்தியை மீட்டினார். அடைத்துக்கொண்டுதான் வந்தது. என்னிடம் ஒரு கேட்கும் குச்சி உண்டு. முனையைச் சர்க்யூட்டில் வைத்தால் அந்த இடத்துச் சத்தம் காதில் விழும். தந்தியிலிருந்து வருகிற இடத்தில் வைத்தேன். கொசு முனகல் அளவுதான், ஆனால் சுத்தமாக இருந்தது. விரல் சொன்னதெல்லாம் அதில் இருந்தது. முதல் டிரான்சிஸ்டரைத் தாண்டி வைத்தேன். நாசம்!

மீட்டரை வைத்தேன். வண்டியின் பேட்டரி பன்னிரண்டு வோல்ட். அந்த டிரான்சிஸ்டரின் காலில் பாதி, ஆறு வோல்ட் நிற்க வேண்டும். அப்போதுதான் சத்தம் மேலேயும் கீழேயும் தாராளமாக ஆட இடம் இருக்கும். மீட்டரோ அரை வோல்ட்டில் ஒட்டிக்கிடந்தது. டிரான்சிஸ்டரை மாற்றினேன். அப்போதும் அதே அரை வோல்ட்.

"நேரமாகுது, கேசோன்" என்றார் சவேங்.

"ஊர்வலம் ஓடியா போயிடும்? சும்மா இருங்க!"

காலையில் கெட்டு மத்தியானம் சரியாகிறதென்றால், நடுவில் வருவது வெயில். தலைமுடி உலர்த்தும் மெஷினை எடுத்து அந்த இடத்தில் சூடாக ஊதவிட்டேன். மீட்டர் நகர்ந்தது. ஒன்று, மூன்று, ஆறு. ஆறில் நின்றது. "வாசிங்க மாமா" என்றேன். கணீரென்று கடை அதிர்ந்தது. அடுத்த கடைக்காரி தலையை நீட்டினாள்.

ஒரு எண்ணம் தோன்றியது. குனிந்து, வாயைத் திறந்து, ஹா என்று அதன் மேல் மூச்சு விட்டேன். சத்தம் அப்படியே அடங்கியது. மீட்டர் அரை வோல்ட்டுக்கு இறங்கியது. காயவைத்தேன், ஏறியது. மூச்சு விட்டேன், இறங்கியது.

"அம்மாடி!" என்றார் சவேங். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. எத்தனை வருடமாக இந்த வேலை செய்கிறேன்! கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி மின்சாரம் டிரான்சிஸ்டர் என்கிற கதவைக் கொஞ்சம் திறக்கிறது, கொஞ்சம் மூடுகிறது. அதற்குப் பின்னால்தான் ஊரையே ஆடவைக்கிற சத்தம் நிற்கிறது. வாயின் ஈரமே அந்தத் துளியைக் குலைக்கப் போதும் என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

இணைப்பைக் கழற்றிவிட்டு லென்ஸ் வைத்துப் பார்த்தேன். டிரான்சிஸ்டரின் இரண்டு கால்களுக்கு நடுவே, பலகை மேல் இளஞ்சிவப்பாக ஒரு படலம். நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தேன். இனித்தது!

"யாருய்யா இதுக்குள்ள சிவப்பு சோடா ஊத்துனது?"

சவேங் மாமாவைப் பார்த்தார். மாமா தரையைப் பார்த்தார்.

வாசிப்பதற்கு முன் குருவின் ஆவிக்குச் சிவப்பு சோடாவைத் திறந்து, ஸ்ட்ரா போட்டு, பெட்டி மேல் வைத்துக் கும்பிடுவது எங்கள் வழக்கம். பள்ளத்தில் வண்டி குலுங்கினால் சிந்தும். சிந்தின சர்க்கரை காலைப் பனியிலும் தூறலிலும் ஈரத்தை இழுக்கும். அந்த ஈரம் வழியாகத்தான் மின்சாரம் திருட்டு வழியில் டிரான்சிஸ்டருக்குள் புகுந்து கதவை முழுசாகத் திறந்து போட்டிருக்கிறது; திறந்து மூட வழியில்லாமல் சத்தம் அடைத்துக்கொண்டது.

"எல்லாரும் ஒரு பாட்டில்தான வைப்பாங்க? இவ்வளவு எப்படிச் சிந்துச்சு?" என்றேன்.

"முதல்ல நானும் ஒண்ணுதான் வச்சேன்" என்றார் மாமா மெதுவாக. "சத்தம் கெட ஆரம்பிச்சதும் என் கை போச்சோன்னு பயம் வந்துருச்சு. குருவே, கையை மட்டும் எடுத்துக்காதேன்னு ரெண்டு வச்சேன். இன்னும் கெட்டுச்சு. அப்புறம் நாலு."

யாரும் சிரிக்கவில்லை. ஸ்பிரிட் தொட்ட பிரஷ்ஷால் அந்த இடத்தைத் தேய்த்துக் கழுவினேன், காயவைத்தேன், திரும்ப மாட்டினேன். பிறகு சவேங்கைக் கூப்பிட்டு, "நீங்களே ஊதுங்க" என்றேன். அவர் கன்னம் உப்ப ஊதினார். மீட்டர் ஆறிலேயே நின்றது. அவர் போனை எடுத்து, "நீ வர வேணாம்ப்பா, எங்க ஆளு இருக்காரு" என்றார்.

மாமா மறுபடி ஃபின்னைத் தொடவில்லை.

"அப்ப என் கை?"

"உங்க கைக்கு ஒண்ணுமில்ல மாமா. இந்தப் பெட்டிக்குள்ள உங்க வாசிப்பு சுத்தமாத்தான் போய்ச் சேர்ந்துச்சு. நான் காதால கேட்டேன்."

அவர் வலது கையை விரித்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். கண்ணில் நீர் நிறைந்துவிட்டது.

"மழை தொடங்குன நாள்லேருந்து இந்தக் கையைத் திட்டாத நாளே இல்ல, மகளே" என்றார். இடது கையால் அதைத் தடவிக்கொடுத்துக்கொண்டே வண்டியில் ஏறினார்.