கார் நிறுத்தத்துக்கு எந்த நாசில்

போன மாதம் சிவப்பு நாசிலால் ஒரு ஆளை அழித்துவிட்டேன். அதிலிருந்து எனக்கு வேலை கூடியிருக்கிறது.

நான் கான்கிரீட் தளங்களைத் தண்ணீர் அழுத்தத்தால் கழுவுகிறவன். குழாய் முனையில் மாட்டும் நாசிலில் நான்கு நிறம் உண்டு. வெள்ளை நாற்பது டிகிரிக்கு விசிறிபோல் விரிக்கும், தூசி போகும். பச்சை இருபத்தைந்து, பாசி போகும். மஞ்சள் பதினைந்து, எண்ணெய்க் கறை போகும். சிவப்பு விரிக்கவே விரிக்காது. ஊசிபோல ஒரே புள்ளியில் இறங்கிக் கான்கிரீட்டையே தோண்டும்.

ஒரு ஆலை முற்றத்தில், சிமென்ட் ஈரமாக இருந்தபோது யாரோ விரலால் எழுதிய பெயர் இருந்தது. தேவசகாயம். சிவப்பு போட்டேன். பெயர் போனது. மறுநாள் அவர் ஆலைக்கு வரவில்லை என்று அவர் மனைவியிடம் விசாரித்தேன். தனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்றார்.

இந்த முறை கோயம்புத்தூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. குடியிருப்போர் சங்கச் செயலாளர் நஞ்சப்பன் கார் நிறுத்தத்தில் ஒரு தடத்தைக் காட்டினார். செருப்பில்லாமல் ஒருவர் ஈரக் கான்கிரீட்டில் நடந்து போன தடம். லிஃப்டிலிருந்து கேட் வரை. குதிகாலில் பித்தவெடிப்புகூடத் தெரிந்தது.

“இத எடுத்துருங்க. சிவப்பு போடுங்க.”

“யாரோடதுங்க?”

“அதுக்குப் படிவத்துல கட்டம் இல்லீங்க.”

படிவத்தை நீட்டினார். ‘அழிக்கப்படுபவர் கையொப்பம்’ என்று ஒரு கட்டம் மட்டும் இருந்தது. அதில் நஞ்சப்பனே கையெழுத்துப் போட்டிருந்தார்.

“அவசரத்துக்குங்க,” என்றார்.

முதல் மாடியிலிருந்து அம்சவேணி என்ற பெண்மணி நாற்காலியோடு இறங்கி வந்து, தடங்களின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

“எங்க வீட்டுக்காரருங்க. தளம் போட்ட அன்னிக்குச் சண்டை போட்டுட்டுப் போனவரு. பன்னண்டு வருஷமாச்சு. இது ஒண்ணுதான் இருக்குது. வெள்ளை போடுங்க.”

“வெள்ளைக்குப் பாசி போகாதுங்க.”

“அப்பப் பச்சை. ஆனா மெதுவா. அவருக்குப் பாதம் கூசும்.”

பச்சையை மாட்டினேன். கழுவக் கழுவத் தளம் நீண்டது. காலையில் பத்துக் கார் நின்ற இடத்தில் மதியம் நாற்பது கார் நின்றன. ஓஸ் குழாய் எப்படியோ எட்டியது.

கேட்டருகே பாசி தடிமனாக இருந்தது. அது விலகியதும் இன்னொரு வரிசைத் தடம் தெரிந்தது. அதே பித்தவெடிப்பு. விரல்கள் கேட்டிலிருந்து கட்டடத்தைப் பார்த்திருந்தன.

அவர் திரும்பி வந்திருக்கிறார்.

அம்சவேணி எழுந்தார். நான் கழுவிக்கொண்டே போக, அவர் பின்னாலேயே வந்தார். தடம் லிஃப்டுக்குப் போகவில்லை. படிக்கட்டுக்குக் கீழே, சுவரோரம் போய் நின்றது. அங்கே இரண்டு பாதங்களும் சேர்ந்து கணுக்கால் ஆழத்துக்கு இறங்கியிருந்தன. வெகுநேரம் நின்றவரின் தடம். அங்கிருந்து எந்தப் பக்கமும் தடம் கிளம்பவில்லை.

“அப்பப் போகவே இல்லீங்களா?” என்றார் அம்சவேணி.

நஞ்சப்பன் வேகமாக வந்தார். “அவரு நிக்கறது பொது இடமுங்க,” என்று சிவப்பு நாசிலை என் கையில் வைத்தார்.

தேவசகாயம் எப்படி இருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன். இப்போது எனக்கும் அவர் முகம் நினைவுக்கு வரவில்லை. சிவப்பை நஞ்சப்பனிடமே திருப்பிக் கொடுத்தேன்.

வெள்ளையை மாட்டி அழுத்தினேன். தண்ணீர் விசிறியாக விரிந்தது. சுவர் நனைந்தது. நடுவில் ஒரு ஆள் அளவுக்கு மட்டும் நனையவில்லை. அதற்கு முன்னால், வெறும் காற்றில், தண்ணீர் எதிலோ பட்டு வழிந்தது. ஒரு தோள் தெரிந்தது. பிறகு குனிந்த தலை.

நஞ்சப்பன் படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அம்சவேணி கிட்டே போனார். பன்னிரண்டு வருஷக் கோபம் அவர் முகத்தில் அப்படியே இருந்தது.

“வந்தவரு மேல வர வேண்டியதுதானுங்க?” என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். சுவர்ப் பக்கம் காதைச் சாய்த்து நின்றார். பிறகு சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு என்னிடம் திரும்பினார்.

“கொஞ்சம் தள்ளி நின்னு புடிங்க தம்பி. கண்ணுல அடிக்குதாம்.”

நான் ஒரு எட்டுப் பின்னால் போனேன்.