எட்டாம் நம்பர் பூட்ஸ்

ஆலையின் கிரேன் ஓட்டுநர் தேர்வில் சின்னக்காவுக்கு இது மூன்றாவது முறை. இதிலும் தோற்றால் ஓய்வு பெறும்வரை சாக்கு தைக்கும் கொட்டகைதான். அவளுடைய இடுப்பு இன்னும் இரண்டு வருடம்கூடத் தாங்காது.

முந்தைய இரண்டு தடவையும் கிரேனுக்கு ஏறும் ஏணியில்தான் வழுக்கினாள். ஸ்டோரில் பாதுகாப்பு பூட்ஸ் எட்டாம் நம்பருக்குக் கீழே கிடையாது. அவள் கால் நாலு. பெண்கள் எல்லோரும் மிஷின் துடைக்கும் துணியை பூட்ஸின் முனையில் அடைத்துக்கொண்டுதான் நடமாடினார்கள். சின்ன அளவு பூட்ஸ் கேட்டு எழுதிய கடிதங்கள் நான்கும் பரிசீலனையில் இருந்தன.

பெண்கள் ஏன் வழுக்குகிறார்கள் என்று கண்டறிய நிர்வாகம் உளவியல் நிபுணர் ஒருவரை வரவழைத்தது. அவர் ஆதிமனிதனிலிருந்து ஆரம்பித்தார். ஆண் வேட்டைக்குப் போனானாம், பெண் பழம் பொறுக்கினாளாம், ஆகவே உயரம் என்றால் பெண் மூளை மிரளுமாம். விடிகாலையிலேயே எழுந்து வீட்டு வேலையெல்லாம் முடித்துவிட்டு வந்திருந்த சின்னக்காவுக்குக் கண் சொருகியது.

கேள்வி உண்டா என்றார் நிபுணர்.

"நாலாம் நம்பர் பூட்ஸ் எப்ப வரும் சார்?"

"பாருங்க, பெரிய விஷயம் பேசும்போது பெண் மனசு சின்ன விஷயத்துக்குத் தாவிடும்" என்று சொல்லி அதையும் குறித்துக்கொண்டார்.

தேர்வை மேலிருந்து கவனிக்க ஆசைப்பட்டார். விதிப்படி அவருக்கும் பூட்ஸ் மாட்டினார்கள். ஆள் வாட்டசாட்டம், கால் மட்டும் ஐந்தாம் நம்பர். நான்காவது படியில் ஒரு பூட்ஸ் கழன்று தொப்பென்று விழுந்தது. நிபுணர் கண்ணை இறுக்கி மூடி ஏணியைக் கட்டிக்கொண்டார். ஆதிமனிதனின் வாரிசை இரண்டு பேர் சேர்ந்து இறக்கினார்கள்.

சின்னக்கா மடியிலிருந்து ஒரு துணியை எடுத்து நீட்டினாள். "முனையில வெச்சு அடைங்க சார். நாங்க அப்படித்தான்."

"இல்லம்மா, எனக்கு முட்டி வலி."

அவள் அந்தத் துணியையும் தன் பூட்ஸிலேயே திணித்து, சாக்குச் சணலால் கணுக்காலைச் சுற்றிக் கட்டிக்கொண்டு ஏறினாள். தேறிவிட்டாள். இவருக்கு ஆண் மூளை, அபூர்வம் என்று நிபுணர் அறிக்கை எழுதினார்.

முதல் நாள் கேபினில் உட்கார்ந்தாள். இருக்கையை நகர்த்த முடியாதபடி வெல்டிங் வைத்திருந்தார்கள். பெடல் அவள் காலுக்கு எட்டாமல் ஒரு சாண் தள்ளியிருந்தது. வாக்கிடாக்கியை எடுத்தாள்.

"ஸ்டோர் அண்ணே, பழைய சாக்கு நாலு மேல அனுப்புங்க. முதுகுக்கு."

"லெட்டர் எழுதிக் குடும்மா."

"அது பாட்டுக்குப் பரிசீலனைல இருக்கட்டும். நீங்க சாக்க அனுப்புங்க."