தோரணம் இல்லாத குளம்

முற்றிய தேங்காயைத் தரையில் போட்டால் வருமே, அப்படி ஒரு சத்தம். குளத்தின் மறுகோடியில் நின்ற எனக்கே கேட்டது.

இலோயிலோ நகரத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்துப் பிழைப்பவள் நான். மல்லாந்து நீந்துகிறவர்களுக்கு தலைப் பக்கம் வரும் சுவர் தெரியாது. அதற்காகவே சுவருக்கு ஐந்து மீட்டர் முன்னால், தலைக்கு மேலே குறுக்காகக் கொடித்தோரணம் கட்டியிருக்கும். அது கண்ணில் பட்டதும் கைவீச்சை எண்ண வேண்டும். என்னிடம் கற்கும் ஜனெலுக்கு நான்கு வீச்சு. ஐந்தாவதில் கை சுவரைத் தொடும்.

அந்த வாரம் ஊர்ப் புனிதரின் திருவிழா. வியாழக்கிழமை, தெரு அலங்காரத்தைக் கவனிக்கும் பெர்தோ அண்ணன் வந்தார். “கோச், தெருவுக்குத் தோரணம் பத்தல. ரெண்டே நாள். குடுத்துட்டா புனிதரே உங்களுக்கு நல்ல மாப்பிள்ளையா பார்த்துக் குடுப்பாரு.” சிரித்துக்கொண்டே நானே ஏறி அவிழ்த்துக் கொடுத்தேன்.

சனிக்கிழமை காலை எட்டுப் பிள்ளைகள். ஒருத்தன் ஓடிவந்து குதிக்கப் பார்த்தான். “குதிச்சே, வீட்டுக்கு அனுப்பிடுவேன். உக்காரு. குப்புறத் திரும்பு. காலை முதல்ல விடு” என்று அதட்டினேன். எல்லாரும் விளிம்பில் உட்கார்ந்து, திரும்பி, வழுக்கி இறங்கினார்கள். எவ்வளவு கவனமானவள் நான் என்று எனக்கே பெருமை.

“காது தண்ணிக்குள்ள. வயித்த மேல தூக்கு. முட்டியால இல்ல, இடுப்புலருந்து உதை.”

பத்து வயது ஜனெல் எல்லாரையும் முந்திக்கொண்டு போனாள். “இன்னும் வேகமா!” என்று கத்தினேன். நான்தான் கத்தினேன்.

அப்புறம் அந்தச் சத்தம்.

என் கால் நகரவில்லை. தண்ணீரில் சிவப்பு விரிவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எவ்வளவு நேரமென்று தெரியாது. கடைசியில் இறங்கி, அவள் தலையும் கழுத்தும் அசையாமல் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டேன். பிள்ளைகளில் ஒருவர்கூட அழவில்லை. காவலாளி ஆம்புலன்ஸுக்குப் போன் செய்வது மட்டும் கேட்டது.

ஜனெல் கண்ணைத் திறந்தாள். “கோச், தோரணம் எங்க? நான் பார்த்துக்கிட்டே வந்தேன்.”

ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் தலையை நான் விடவில்லை.

ஏழு தையல். உள்ளே ஒன்றும் ஆகவில்லை என்றார் டாக்டர். ஒருநாள் வைத்துப் பார்க்கலாம் என்றார். அவள் அம்மா மாரிலூ மீன் சந்தையிலிருந்து அப்படியே வந்திருந்தாள். ரப்பர் ஏப்ரனில் செதில்கள் ஒட்டியிருந்தன.

“வழுக்கிட்டாளா?” என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவள் அதை நம்பியும் இருப்பாள்.

“இல்ல. சுவரு வருதுன்னு காட்ட ஒரு தோரணம் கட்டியிருப்போம். அதை நான் அவுத்துக் குடுத்துட்டேன்.”

“யாருக்கு?”

“திருவிழாவுக்கு. பெர்தோ அண்ணன் கேட்டாரு.”

மாரிலூ மெல்ல பெஞ்சில் உட்கார்ந்தாள். “நீலமும் மஞ்சளுமா?”

தலையாட்டினேன்.

“எங்க வாசலுக்கு நேராத்தான் கட்டியிருக்காங்க. நேத்து இவகிட்ட நான்தான் காட்டினேன், எவ்ளோ அழகா இருக்கு பாருன்னு.” என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

திங்களன்று பெற்றோர்களைக் கூட்டி எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று பேர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மேலாளர் ஒரு மாதம் வர வேண்டாம் என்றார். அந்த மாதம் முழுக்க, சமையலறையில் தட்டு விழுந்தால்கூட சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

ஐந்தாவது வாரம், நான் வேலைக்குத் திரும்பிய இரண்டாம் நாள், மாரிலூ மகளோடு வந்து நின்றாள். “வேற ஆள்கிட்ட போகமாட்டேங்கறா” என்றாள். அதில் மன்னிப்பு இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஜனெல் தண்ணீரில் மல்லாந்தாள். பின்தலைக்குக் கீழே கை கொடுத்தேன். முடி வளராத தழும்பு விரலில் பட்டது. கொஞ்ச தூரம் மெதுவாக உதைத்துப் போனாள்.

“கோச், கையை எடுங்க.”

“பயமா இல்லையா?”

“இல்ல. நீங்க ரொம்ப அழுத்துறீங்க. வலிக்குது.”

அப்போதுதான் என் விரல்களைப் பார்த்தேன். ஒவ்வொன்றாகத்தான் விரிக்க முடிந்தது.