நாலாவது மாடி ஜன்னல்

அந்தக் கட்டடத்துக்கு வயது அறுபதுக்கு மேல். சுவரில் துளை போட உரிமையாளர் ஒப்பவில்லை. அதனால் தையல்காரியின் கணவன் பழைய ஜன்னல் ஏசி ஒன்றை வாங்கிவந்து, நாலாவது மாடி ஜன்னலில் பாதி வெளியே நீட்டி உட்காரவைத்து, மேலே தூக்கும் கண்ணாடிக் கதவை அதன் தலையில் இறக்கி அழுத்திவிட்டான். அடியில் முட்டுக்கொடுக்கவில்லை. "அது பாட்டுக்கு இருக்கும்" என்றான்.

ஏசி தையல் அறைக்குத்தான் என்று முடிவானதும், கூடவே குடியிருந்த அவன் அக்கா, அவளுக்கு அண்ணி, மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டாள். மூன்று நாளாகப் பேச்சில்லை.

அன்று மத்தியானம் திரைச்சீலையின் நுனி கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது. அதை உருவுவதற்காகத் தையல்காரி கதவைக் கொஞ்சம் தூக்கினாள். அவ்வளவுதான். ஏசி மெதுவாக வெளிப்பக்கம் சாய்ந்தது.

பாய்ந்து விளிம்பைப் பிடித்தாள். தகரம் விரலை அறுத்தது. கீழே பஸ் நிறுத்தம். கட்டட நிழலில் பத்துப் பேர் ஒண்டி நின்றார்கள். ஒருத்தியின் இடுப்பில் குழந்தை.

"தள்ளிப் போங்க! தள்ளிப் போங்க!"

வண்டிச் சத்தத்தில் ஒருவரும் நிமிரவில்லை.

"அண்ணி! ஓடி வாங்களேன்!"

வருவாளா? அடுத்த அறையில் நாற்காலி உருண்டது. அண்ணி வாசலில் வந்து மலைத்து நின்றாள்.

"ஐயையோ! விட்டுடாதடி!"

"கை நழுவுது அண்ணி. கீழே ஆளுங்க."

"கீழே பாக்காதே. என்னைப் பாரு."

அண்ணி பிளக்கைப் பிடுங்கினாள். தையல் மேசைமேல் ஏறிக் கதவை இறக்கப் பார்த்தாள். அது பாதியில் இறுகிக்கொண்டது. "இறங்கித் தொலையேன், சனியனே!" என்று முழு உடம்பையும் போட்டு அழுத்தினாள். கதவு நறுக்கென்று இறங்கி ஏசியைக் கவ்வியது.

"இப்ப நல்லாப் பிடிச்சுக்க. நான் மெல்லத் தளர்த்துறேன், நீ இழு."

ஏசி தரையில் வந்து விழுந்தது. இருவரும் அதன் பக்கத்திலேயே சரிந்தார்கள்.

"உன்கூடப் பேசவே கூடாதுன்னு வைராக்கியமா இருந்தேன்," என்றாள் அண்ணி. "கெடுத்துட்டியே."

தையல்காரி சிரித்துக்கொண்டே அறுபட்ட விரலை முந்தானையில் சுற்றினாள்.

சாயங்காலம் இருவரும் கீழே இறங்கி, தெருவைக் கடந்து நின்று, அண்ணாந்து பார்த்தார்கள். மற்ற ஜன்னல்களில் ஏழு பெட்டிகள் துருத்திக்கொண்டிருந்தன. எதற்கும் அடியில் முட்டு இல்லை. நிறுத்தத்தில் அடுத்த பஸ்ஸுக்கு ஆட்கள் சேர்ந்திருந்தார்கள்.

"முதல் மாடியிலேர்ந்து ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டிச் சொல்லிக்கிட்டே போவோம்," என்று தையல்காரியின் கையைப் பிடித்தாள் அண்ணி. அண்ணியின் கையும் ஜில்லிட்டிருந்தது.