இத்தாலி மாட்டுப்பெண்

ஷ்ரேயஸ் ஷ்யாமளாவைக் கல்யாணம் செய்துகொண்டது அவள் முகத்துக்காக அல்ல, படிப்புக்காகவும் அல்ல. அவள் இத்தாலியில் பிறந்தவள். அது போதும் அவனுக்கு. இந்தியாவில் பிறந்தவன் கிரீன் கார்டு வரிசையில் நின்றால் தலை நரைத்துவிடும். ஆனால் மனைவி வேறு நாட்டில் பிறந்தவளாக இருந்தால், அவளுடைய நாட்டு வரிசையில் அவனும் ஒட்டிக்கொண்டு உள்ளே போய்விடலாம். சட்டமே அதற்கு இடம் கொடுக்கிறது. நியூ ஜெர்சியில் பிஸ்கட்டவே என்ற ஊரில் பதினோரு வருஷமாக விசாவில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த அந்த மகானுபாவன், மேட்ரிமோனியில் கோத்திரம் பார்ப்பதற்கு முன்னால் பிறந்த நாட்டைத்தான் பார்த்தான்.

ஷ்யாமளாவின் அப்பா ஸ்ரீநிவாசன் இன்ஜினியர். வேலைக்காக மூன்று வருஷம் வட இத்தாலியில் ஒரு சின்ன ஊரில் இருந்தபோது அவள் பிறந்தாள். ஒன்றரை வயதிலேயே சென்னைக்குத் தூக்கி வந்துவிட்டார்கள். இத்தாலியைப் பற்றி உங்களுக்கும் எனக்கும் தெரிந்ததைவிட ஒரு துளிகூட அவளுக்கு அதிகம் தெரியாது.

கல்யாணமாகி அமெரிக்கா வந்த பிறகுதான் சிக்கல் ஆரம்பித்தது. பாஸ்போர்ட் போதாது, பிறப்புச் சான்றிதழ் வேண்டும் என்றார் வக்கீல். அதுவோ 2015 சென்னை வெள்ளத்தில் அப்பாவின் முடிச்சூர் வீட்டோடு ஊறிப் போயிருந்தது. நகல் கேட்டு அந்த இத்தாலி ஊரின் நகராட்சிக்கு 2025 ஜனவரியில் எழுதினார்கள்.

அன்றிலிருந்து இத்தாலி அந்த வீட்டுக்குள் குடியேறிவிட்டது. பிள்ளையோடு இருந்துவிட்டுப் போக வந்திருந்த மாமியார் சாரதா, கோயில் காலண்டரில் அஷ்டமி, நவமிக்குப் பக்கத்தில் இத்தாலிக்காரர்களின் விடுமுறைகளையும் சிவப்பு மையில் எழுதிவைத்தாள். அந்த நாட்டுப் பிரதமர் என்ன பேசினார், பார்லிமெண்டில் என்ன சண்டை என்பதெல்லாம் காலைக் காப்பியோடு அலசப்பட்டன.

மார்ச்சில் ஸ்ரீநிவாசனுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. இந்த வருஷம் தாண்டினால் பெரிய விஷயம் என்றார் டாக்டர். ஷ்யாமளா அன்றே கேட்டாள்.

“ஒரு மாசம் அப்பாவோட இருந்துட்டு வந்துடறேனே.”

“சர்டிபிகேட் எப்ப வேணா வரும். மனு ஃபைல் பண்ற அன்னிக்கு ரெண்டு பேரும் யு.எஸ்ல இருந்தே ஆகணும். நீ அங்க போய் விசா ஸ்டாம்பிங்ல மாட்டிண்டா என் கதி?” என்றான் ஷ்ரேயஸ்.

“அவருக்குப் பிள்ளை இருக்கானோல்லியோ, அவன் பாத்துக்கட்டும். கட்டிக் கொடுத்த பொண்ணு எதுக்கு?” என்றாள் சாரதா.

பெற்ற அப்பாவைப் பார்க்க ஒரு பெண்ணுக்கு இத்தாலி குமாஸ்தாவின் கையெழுத்து வேண்டியிருந்தது. ஷ்யாமளா அந்தக் கடிதத்துக்காகத் தவமிருந்தாள்.

ஏப்ரலில் போப் இறந்தார். இத்தாலியில் ஐந்து நாள் தேசிய துக்கம் அறிவித்தார்கள். நகராட்சி ஆபீஸ் திறந்திருந்ததா, மூடியிருந்ததா என்று யாருக்குத் தெரியும், பதில் மட்டும் வரவில்லை. “யாரோ போனதுக்கு நம்ம காரியம் நிக்கணுமா?” என்று சாரதா பொருமினாள். பிறகு குடியரசு தினம் வந்தது. ஜூனில் ஐந்து கேள்விகளோடு பொது வாக்கெடுப்பு. அதில் ஒன்று குடியுரிமை பற்றியது என்று கேள்விப்பட்டதும் சாரதா நெய்விளக்கு ஏற்றினாள். அதற்கும் இவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பாதிப் பேராவது ஓட்டுப் போட்டால்தான் செல்லும், வந்ததோ முப்பது சதவீதம்தான். ஏதோ தங்கள் மனுவையே தள்ளுபடி செய்துவிட்ட மாதிரி அம்மாவும் பிள்ளையும் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. ஆகஸ்டில் நாடே கடற்கரைக்குப் போய்விட்டது. செப்டம்பர் இருபத்திரண்டில் பொது வேலைநிறுத்தம், அக்டோபர் மூன்றில் இன்னொன்று.

ஒவ்வொன்றுக்கும் திட்டு ஷ்யாமளாவுக்குத்தான் விழுந்தது. “உங்க ஊர்க்காராளுக்கு வேலை செய்யற உத்தேசமே கிடையாதா?” என்று ஷ்ரேயஸ் கத்துவான், வேலைநிறுத்தத்தை அவளே அறிவித்ததுபோல. நண்பர்கள் வீட்டு பார்ட்டியில், “வொய்ஃப் இல்லடா, என்னோட ஃபாஸ்ட் டிராக்” என்று அறிமுகப்படுத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள்.

அக்டோபர் கடைசியில் பதில் வந்தது. ‘ஷ்யாமளா ஸ்ரீநிவாசன் என்ற பெயரில் பதிவு எதுவும் இல்லை.’

ஷ்ரேயஸ் நேராக ஆஸ்பத்திரிக்கு வீடியோ கால் போட்டான். மூக்கில் குழாயோடு படுத்திருந்தார் ஸ்ரீநிவாசன்.

“பொய் சொல்லித்தான் பொண்ணைத் தள்ளிவிட்டேளா?”

“ஐயோ, விடுங்கோ, அவர் உடம்பு...” என்று ஷ்யாமளா போனைப் பிடுங்கப் பார்த்தாள். அவன் கையை உயர்த்திக்கொண்டான்.

ஸ்ரீநிவாசன் கோபப்படவில்லை. “சர்நேம் இல்லாம அங்க எழுதிக்க மாட்டேன்னுட்டா, மாப்ளே. என் இனிஷியலை விரிச்சுச் சொல்லச் சொன்னா. மன்னார்குடின்னேன். அதையே குடும்பப் பேரா போட்டுண்டுட்டா. மன்னார்குடின்னு தேடச் சொல்லுங்கோ” என்றார். மூச்சு வாங்கியது. “கெடச்சதும் வந்துடுவியோன்னோ, ஷ்யாமா?”

மன்னார்குடி என்று தேடியதும் கிடைத்துவிட்டது. டிசம்பர் ஒன்பதாம் தேதி சான்றிதழ் வீட்டுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை, பன்னிரண்டாம் தேதி, வக்கீல் ஆபீஸில் கையெழுத்து. மனு போய்ச் சேர்ந்ததும் செவ்வாய்க்கிழமை விமானம். டிக்கெட் போட்டாயிற்று. வியாழக்கிழமை தம்பி வெங்கடகிருஷ்ணன் போனை அப்பா காதில் வைத்தபோது, “அஞ்சே நாள்ப்பா, கிளம்பிடுவேன்” என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை சாரதா என்றுமில்லாத பிரியத்தோடு குங்குமம் இட்டு, வாயில் ஒரு ஸ்பூன் கேசரி ஊட்டினாள். “போன்ல சார்ஜே இல்லடி, நான் போட்டு வைக்கறேன், விட்டுட்டுப் போ” என்றாள். இத்தாலியில் அன்றும் பொது வேலைநிறுத்தம். இனி அது யாருக்கு வேண்டும்? ஷ்யாமளா பதினேழு இடத்தில் கையெழுத்துப் போட்டாள். ஷ்ரேயஸ் அவள் முகத்தையே பார்க்கவில்லை. சந்தோஷம் தாங்காமல் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள், பாவம்.

மதியம் ஒரு மணிக்குத் திரும்பியபோது சாரதா வாசலிலேயே மறித்தாள்.

“எதையும் தொடாதே. நேரா பாத்ரூமுக்குப் போய்த் தலைக்கு விட்டுக்கோ. உங்கப்பா போயிட்டார்.”

ஷ்யாமளா கேட்டாள், “எப்போ?”

“கார்த்தால மூணரைக்கு வெங்கட் கூப்பிட்டான்” என்றான் ஷ்ரேயஸ், காலணியைக் கழற்றியபடி. “சொன்னா நீ சைன் பண்ற மூட்ல இருந்திருக்க மாட்டே.”

“தீட்டோட சுப காரியத்துல கையெழுத்துப் போடலாமோ? காதுல விழாத வரைக்கும் தீட்டு இல்லை” என்றாள் சாரதா, சாஸ்திரத்தைக் கரைத்துக் குடித்தவள் மாதிரி.

காலையில் ஊட்டிய கேசரியின் மிச்சம் சமையலறை மேடையில் இருந்தது. ஷ்யாமளா அதன் பக்கத்தில் சார்ஜில் கிடந்த போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள்.

“உடனே கிளம்பறேன்டா. வெச்சிருங்கோ.”

அந்தப் பக்கம் வெங்கட் அழுதான். “எடுத்தாச்சே, அக்கா. இங்க சாயங்காலம் அஞ்சு மணிக்கே எல்லாம் ஆயிடுத்து. ஐஸ் பெட்டில ரெண்டு நாள் வெச்சுக்கறோம், அக்கா மூஞ்சி பாக்கட்டும்னு நான் கெஞ்சினேன். நீ வரமாட்டேன்னு சொல்லிட்டதா அத்திம்பேர்தான் சொன்னார். எங்களைக் காக்க வைக்க வேண்டாம்னு நீயே சொன்னியாமே?”

ஷ்யாமளா போனை வைத்தாள். அழுகை வரவில்லை.

“இனிமே போய் என்ன பண்ணப் போறே? எல்லாம் முடிஞ்சுடுத்து. டிக்கெட்டைக் கேன்சல் பண்ணா பாதியாவது திரும்ப வரும்” என்றான் ஷ்ரேயஸ்.

அவள் வக்கீல் ஆபீஸுக்குப் போன் போட்டாள். கூரியர் ஐந்து மணிக்குத்தான் வருவான் என்றார்கள். தன் கையெழுத்தைத் திரும்பப் பெறுவதாகவும், இன்று ராத்திரியே நாட்டை விட்டுப் போவதாகவும், அந்த மனுவை அனுப்பக் கூடாது என்றும் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னாள். இரண்டு தடவை பெயரைக் கேட்டார்கள். இரண்டு தடவையும் மன்னார்குடி ஷ்யாமளா என்றாள்.

ஷ்ரேயஸின் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு சாவு விழுந்த வீட்டுக்கு உரிய முகம் அப்போதுதான் அவனுக்கு வந்தது. சாரதா தீட்டை மறந்து ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நாலு நாள்தானேடி! அது போய்ச் சேர்ந்துடட்டும், அப்புறம் எங்க வேணா போயேன்!”

“ஷ்யாமா, ப்ளீஸ், பதினோரு வருஷம்” என்றான் அவன். “நான் என்ன பண்ணுவேன்?”

“உன் வரிசையில போய் நில்லு” என்று சொல்லிவிட்டு, ஷ்யாமளா அப்பாவுக்காகத் தலையில் தண்ணீர் விட்டுக்கொள்ளப் போனாள்.