ஸ்கேனுக்குக் கூட்டிப்போனவன்

ஊரிகத்துச் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் மேஜர் சைலஸ் பையை இறக்கி வைத்தபோது அப்பாவின் கட்டில் காலியாக இருந்தது.

"டாடி எங்க அக்கா?"

"கோலார் ஆஸ்பத்திரிக்கு, நெஞ்சு ஸ்கேனுக்கு," என்றாள் ஈவ்லின். "உன் ஃப்ரெண்டு ரோனிதான் கார்ல இட்டுகினு போனாரு. உன்கூட வேல செய்றவராமே. நீ இன்னிக்கு வர்றதகூட அவர்தான் சொன்னாரு."

சைலஸுக்கு ரோனி என்று யாரையும் தெரியாது. லீவில் வருவதை அவன் வீட்டுக்குக்கூடச் சொல்லியிருக்கவில்லை.

ராணுவ உளவுப் பிரிவில் அவனுக்கு வேலை. எல்லைக்கு அப்பாலிருந்து சேதி அனுப்பும் ஆட்களைப் பார்த்துக்கொள்வான். வீட்டில் சொன்னது வேறு: ஜவான்களுக்கு ரேஷன் அனுப்பும் பிரிவு. சுரங்கத் தூசியில் நுரையீரல் கெட்டுப்போன அப்பா பர்னபாஸ், 'எம்புள்ள ரேஷன் ஆபீசரு' என்று சர்ச்சில் எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார்.

அவன் பின்வாசலுக்குப் போய் அப்பாவின் நம்பரை அழுத்தினான்.

"மேஜர் சார், வீடு வந்து சேந்துட்டீங்களா?" வேறு குரல். மரியாதையான தமிழ். "லைனை மட்டும் கட் பண்ணாதீங்க. வேற யாரையும் கூப்பிடவும் வேணாம்."

"அப்பாகிட்ட குடு."

"பக்கத்துலதான் தூங்கிட்டிருக்காரு. கேளுங்க."

இருமல் கேட்டது. சின்ன வயதிலிருந்து சுவருக்கு அந்தப்பக்கம் கேட்ட அதே இருமல். சைலஸ் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்துவிட்டான்.

"எல்லைக்கு அந்தப்பக்கம், அந்த மலைக் கிராமத்துல உங்களுக்குச் சேதி சொல்றது யாரு? ஒரே ஒரு பேரு. சொன்னா அப்பா வீட்டுக்கு வந்துடுவாரு."

அங்கிருந்து சேதி சொன்னவன் ஒரு பால்காரன். வீட்டில் கைக்குழந்தை. அவன் முகம் சைலஸின் கண்ணுக்குள் நின்றது. அப்பாவின் இருமல் மறுபடி கேட்டது.

"தையல்காரர்," என்றான் சைலஸ். பேரையும் சொன்னான். "போன குளிர்ல மாரடைப்புல செத்துட்டாரு. அதுக்கப்புறம் எங்களுக்கு அங்க ஆளே இல்ல."

தையல்காரரும் அவனுக்காக வேலை செய்தவர்தான். பேச்சில் பாதி உண்மை இருந்ததால் குரல் நடுங்கவில்லை.

மறுமுனையில் பேனா கீறும் சத்தம். பிறகு, "விசாரிச்சுக்கறோம் சார்." லைன் அறுந்தது.

உடனே தன் மேலதிகாரியான கர்னலைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னான். போலீஸ் கோலார் ரோட்டை மறித்தது. கார் சிக்கவில்லை. மத்தியானம் வாசலில் ஓர் ஆட்டோ நின்றது. பர்னபாஸ் இறங்கினார்.

"நல்ல புள்ளடா அவன். ஜூஸ் வாங்கிக் குடுத்தான், குடிச்சதும் தூங்கிட்டேன். அவசர வேலைன்னு ரயில் ஸ்டேஷன்ல எறக்கிவுட்டுட்டான். ஸ்கேன்தான் எடுக்கல. இன்னாடா, ஏன் அழுவுற?"

சைலஸ் அவரை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். முதல்முறையாக அப்பாவிடமும் அக்காவிடமும் தன் வேலை இன்னதென்றும், போனில் யார் பேரைச் சொன்னான் என்றும் சொன்னான். ஈவ்லின் ஓடிப்போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள்.

"செத்தவரு பேர சொன்னியே," என்றார் பர்னபாஸ். "அவருக்குப் பொண்டாட்டி புள்ளைங்க இல்லியா?"

தையல்காரரின் மனைவி அதே வீட்டில், அதே மிஷினில் தைத்துக்கொண்டிருந்தாள். அதை சைலஸ் நினைத்தே பார்க்கவில்லை.

மறுபடி கர்னலுக்குப் போன். "அந்தம்மாவ கிளப்பிவிடச் சொல்லி பால்காரனுக்குச் சேதி அனுப்புறேன்," என்றார் அவர். "அவனுங்களுக்கு முன்னாடி போய்ச் சேரணும். அது நம்ம கையில இல்ல."

சாயங்காலம் ராணுவ வண்டி வந்து மூவரையும் பெங்களூரு கன்டோன்மென்ட் குவார்ட்டர்ஸுக்கு ஏற்றிப்போனது. அங்கே யார் கதவைத் தட்டினாலும் ஈவ்லின் திறப்பதில்லை. சைலஸ் போனை மடியில் வைத்துக்கொண்டே சாப்பிட்டான். அந்த வாரக் கடைசியில் கர்னல் கூப்பிட்டார். பால்காரன் பத்திரம். தையல்காரர் வீட்டை உடைத்துத் தேடியிருக்கிறார்கள். அதற்கு முன்பே அவர் மனைவி பிள்ளையோடு கிளம்பிவிட்டாள். மலையேறிப் போவதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

"எல்லை தாண்டி இந்தப்பக்கம் வந்து சேந்தாளா சார்?"

"இன்னும் இல்ல," என்றார் கர்னல்.